எலும்புப் புற்றுநோயின் போக்கைப் புரதங்கள் முன்னறிவிக்குமா?

எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோசார்கோமா. மார்பகத்திலோ புராஸ்டேட் சுரப்பியிலோ தொடங்கிய புற்று பின்னாளில் எலும்புக்கு வந்து சேர்வதையும் எலும்புப் புற்றுநோய் என்றே சொல்வதுண்டு. எண்ணிக்கையில் அதுதான் மிக அதிகம். ஆனால் அது வேறு நோய், அதன் கணக்கும் வேறு. ஆஸ்டியோசார்கோமாவோ பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்கு மட்டுமே வரும் அரிய நோய். வரும் வயதுதான் கொடுமை. பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதில், உடம்பு மளமளவென்று உயரும் பருவத்தில், தொடை எலும்பின் கீழ்முனையிலோ கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலோ தோளை ஒட்டிய மேற்கை எலும்பிலோ இது தலைகாட்டுகிறது. எலும்பு மிக வேகமாக வளரும் இடங்கள் இவை. அறுபதைத் தாண்டியவர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்கு இது வரும். அவர்களில் சிலருக்கு எலும்பைத் தாறுமாறாகத் தடிக்கவைக்கும் பேஜட் நோய் முன்பே இருந்திருக்கும்.

முழங்காலில் இருக்கும் கட்டியை அறுவை மருத்துவரால் அகற்றிவிட முடியும். உயிரைப் பறிப்பது நுரையீரலுக்குப் போய்ச் சேரும் கட்டி. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே நூற்றில் பதினைந்திலிருந்து இருபது பேருக்கு ஸ்கேனில் பரவல் தெரிந்துவிடுகிறது. மீதிப் பேருக்கு நுரையீரல் சுத்தமாகத் தெரியும். அந்தச் சுத்தம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைப் பழைய அனுபவம் காட்டியது. 1970களுக்கு முன்பு காலையோ கையையோ துண்டிப்பது ஒன்றே சிகிச்சையாக இருந்தது. துண்டித்த பின்னும் பத்தில் எட்டுப் பேருக்கு, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள், நுரையீரலில் கட்டிகள் முளைத்தன. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம். அதோடு கீமோதெரபியும் பெற்றவர்களில் 66 சதவீதம்.

அகற்ற வேண்டிய கட்டி முழுவதையும் அகற்றிய பிறகும் நோய் திரும்புகிறது என்றால், அறுவைக்கு முன்பே உயிரணுக்கள் நுரையீரலில் குடியேறிவிட்டன என்றுதான் பொருள். அவை ஸ்கேனில் அகப்படாத அளவுக்குச் சிறு கொத்துகள். ஆகவே இந்த நோயில் பரவல் என்பது பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே நடந்து முடிந்த நிகழ்ச்சி. பரவலை முன்னறிவது என்று மருத்துவ இதழ்கள் எழுதும்போது, உண்மையில் அவை கேட்பது இதைத்தான்: ஒளிந்திருக்கும் அந்தக் கொத்துகளில் எது பிழைத்து வளரும், எது மருந்துக்கு மடியும்?

கனடாவின் டெரி ஃபாக்ஸ் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. 1977இல், பதினெட்டு வயதில், ஆஸ்டியோசார்கோமாவால் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டது. கீமோதெரபியும் தரப்பட்டது. 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். செப்டம்பர் முதல் தேதி மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்து நின்றார். நுரையீரலில் கட்டிகள் இருந்தன. 1981 ஜூனில் இறந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் ஓடிய உடம்பில் அந்த உயிரணுக்கள் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்திருக்கின்றன. 1977இல் அவரோடு அதே மருந்தைப் பெற்ற இன்னொருவர் முழுக்கக் குணமாகியிருக்கலாம். இருவரையும் முதல் நாளிலேயே பிரித்துக்காட்ட அன்று எந்த வழியும் இல்லை.

இன்றைய சிகிச்சை மூன்று மருந்துகளின் கூட்டு: அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின். அறுவைக்கு முன் சில வாரமும் பின் சில மாதமும் தரப்படுகிறது. பரவல் வெளித்தெரியாத நோயாளிகளில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். பரவலோடு வருபவர்களில் 20 முதல் 30 பேர். இந்த எண்கள் 1980களில் எட்டியவை. அதன்பின் நாற்பது ஆண்டுகளாகப் பெரிதாக நகரவில்லை. எல்லோருக்கும் ஒரே கடுமையான சிகிச்சை தரப்படுவதில் இரண்டு பக்கமும் இழப்பு இருக்கிறது. சிஸ்பிளாட்டின் காதுகேளாமையைத் தரலாம், டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பழுதாக்கலாம். இலேசான சிகிச்சையே போதுமானவர்களும் இந்த விலையைக் கொடுக்கிறார்கள். மறுபக்கம், இந்த மருந்துகளுக்கு அடங்காத கட்டி உடையவர்களோ வேறு வழிக்குத் திருப்பப்படாமல் மாதங்களை இழக்கிறார்கள். குறியீட்டுப் புரதங்களைத் தேடும் முயற்சி இந்த இடத்தில்தான் தொடங்கியது.

குறியீட்டுப் புரதம் என்பது கட்டியிலோ ரத்தத்திலோ அளந்து பார்க்கக்கூடிய ஒரு புரதம். அதன் அளவு நோயின் போக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நோயாளியின் கதி எப்படியிருக்கும் என்று சொல்வது. மற்றொன்று, இந்த மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்று சொல்வது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்ற புரதம் இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று: அது மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து பலன் தரும், இல்லையென்றால் தராது. முதல் வகைக் குறியீடு மட்டும் கையில் இருந்தால் மருத்துவருக்குக் கெட்ட செய்தி முன்கூட்டியே தெரியும்; செய்ய வேண்டியது மாறாது. ஆஸ்டியோசார்கோமா ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்பட்டவை.

எந்தப் புதிய குறியீடும் ஏற்கெனவே இருக்கும் அளவுகோல்களைவிட மேலானது என்று காட்டியாக வேண்டும். பழைய அளவுகோல்கள் எளிமையானவை, ஆனால் வலுவானவை. முதல் நாள் ஸ்கேனில் நுரையீரலில் கட்டி இருக்கிறதா, கட்டி எவ்வளவு பெரிது, கைகால்களில் இருக்கிறதா அல்லது இடுப்பெலும்பு, முதுகெலும்பு போன்ற எளிதில் அகற்ற முடியாத இடத்தில் இருக்கிறதா, கீமோதெரபிக்குப் பிறகு வெட்டியெடுத்த கட்டியில் எத்தனை சதவீதம் செத்துக் கிடக்கிறது என்பவை அவை. கடைசியாகச் சொன்னதை அளக்கும் முறையை நியூயார்க்கின் நோய்க்குறியியல் வல்லுநர் ஆண்ட்ரூ ஹூவோஸ் 1970களில் வகுத்தார். தொண்ணூறு சதவீதமும் அதற்கு மேலும் செத்திருந்தால் நல்ல பலன். ஜெர்மன் மொழி நாடுகளின் கூட்டு ஆய்வுக்குழு 1,702 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட கணக்கில், நல்ல பலன் கண்டவர்களில் 73 சதவீதமும் காணாதவர்களில் 47 சதவீதமும் பத்தாண்டு உயிர்வாழ்ந்தார்கள்.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை: அறுவைக்குப் பிறகுதான் கிடைக்கும், அதற்குள் சிகிச்சையின் முதற்பகுதி முடிந்துவிடும். இன்னொரு குறை அதைவிடப் பெரிது. பலன் காணாதவர்களுக்குக் கூடுதல் மருந்து கொடுத்தால் காப்பாற்ற முடியுமா என்று சோதிக்க 2005 முதல் 2011 வரை பதினேழு நாடுகளில் 2,260 பேரைச் சேர்த்து யூராமோஸ்-1 என்ற ஆய்வு நடந்தது. பலன் குறைந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இஃபோஸ்ஃபமைடும் எட்டோபோசைடும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 2016இல் முடிவு வந்தது: நச்சுவிளைவு கூடியது, நோய் திரும்புவது குறையவில்லை. போக்கை அறிவதும் போக்கை மாற்றுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இந்தத் துறையில் இல்லை.

ரத்தத்தில் அளக்கும் குறியீடுகளில் மிகப் பழையது ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதி. எலும்பில் தாது உப்பு படிவதில் இதற்குப் பங்கு உண்டு என்று 1923இல் ராபர்ட் ராபிசன் கருத்துரைத்தார். எலும்பை உருவாக்கும் உயிரணுக்களின் மேற்புறத்தில் இருந்துகொண்டு, தாது உப்பு படிவதைத் தடுக்கும் பைரோஃபாஸ்ஃபேட்டை உடைப்பது இதன் வேலை. ஆஸ்டியோசார்கோமாவும் எலும்பை, தாறுமாறாகத்தான் என்றாலும், உருவாக்கும் கட்டி. அதனால் கட்டியின் பருமன் கூடக்கூட ரத்தத்தில் இந்த நொதியும் கூடுகிறது. இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள ரிஸோலி மருத்துவமனை உட்படப் பல இடங்களின் பதிவுகள், தொடக்கத்தில் இது உயர்ந்திருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. கட்டியை அகற்றியதும் அளவு இறங்குவதும், நோய் மீண்டால் ஏறுவதும் உண்டு. ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே இதை எந்தச் சிறு ஊர் ஆய்வகத்திலும் பார்த்துவிடலாம், செலவும் குறைவு.

ஆனால் வளரும் பிள்ளைக்கு இது இயல்பாகவே உயர்ந்திருக்கும். பெரியவர்களுக்கான அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது பதின்வயதில் வழக்கம். நோய் தாக்கும் வயதும் அதுவே. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அளவோடு ஒப்பிடாமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்வது தவறாகப் போகும். இதன் கூட்டாளியாக அளக்கப்படும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், உயிரணுக்கள் அழியும்போது கசிந்து வெளிவரும் நொதி. பரவலோடு வருபவர்களிடம் இது அதிகம் இருக்கும். கட்டிக்கே உரியது அல்ல என்பது இதன் பலவீனம்: ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால்கூட எண் ஏறிவிடும். குறை எத்தனை இருந்தாலும், நாற்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்தும் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டிய புரதங்கள் இந்த இரண்டும்தான்.

கட்டித் திசுவில் புரதங்களைத் தேடும் முறை வேறு. ஊசியால் எடுத்த பயாப்சித் துண்டை மெழுகில் பதித்து மெல்லிய சீவலாகச் சீவி, தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுவார்கள். எதிர்ப்பொருள் ஒட்டிய இடம் வேதிவினையால் பழுப்பு நிறமாகும். நுண்ணோக்கியில் எத்தனை சதவீத உயிரணுக்கள் பழுப்பேறியிருக்கின்றன, எவ்வளவு அடர்த்தியாக என்று பார்த்து மதிப்பெண் இடுவார்கள். இந்த முறை 1990களில் எல்லா ஆய்வகங்களுக்கும் பரவியதும், ஆஸ்டியோசார்கோமாவில் புரதத்துக்கு ஒன்றாக ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன.

முதலில் நம்பிக்கை தந்தது பி-கிளைக்கோபுரதம். உயிரணுச் சவ்வில் அமர்ந்து மருந்துகளை வெளியே இறைக்கும் இந்தப் புரதத்தை 1976இல் டொராண்டோவில் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கண்டறிந்தார்கள். டாக்ஸோரூபிசினை இது வெளியேற்றும். 1995இல் ரிஸோலி குழுவினர் 92 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து, இந்தப் புரதம் மிகுந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று அறிவித்தார்கள். மருந்தை இறைத்துவிடுவதால்தான் இப்படி என்றால், அந்தக் கட்டிகள் கீமோதெரபியில் குறைவாகச் செத்திருக்க வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில் அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டையும் சிஸ்பிளாட்டினையும் இந்தப் புரதம் வெளியேற்றுவதும் இல்லை. குறியீடு எதையோ காட்டுகிறது. ஆனால் முதலில் நினைத்த காரணத்தால் அல்ல.

ஆனாலும் இத்தாலியர்கள் இதைக் கைவிடவில்லை. 2011 முதல் 2018 வரை நடந்த அவர்களுடைய ஆய்வில், சிகிச்சையே இந்தப் புரதத்தை வைத்துப் பிரிக்கப்பட்டது. பி-கிளைக்கோபுரதம் உள்ளவர்களுக்கு, நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டும் மிஃபாமுர்டைடு என்ற மருந்து சேர்த்துத் தரப்பட்டது. முடிவில் இரு பிரிவினருக்கும் நோய் திரும்பாமல் இருந்த விகிதம் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. கெட்ட பிரிவு நல்ல பிரிவை எட்டிப்பிடித்தது என்று இதைப் படிக்கலாம். பிரிவே முதலிலிருந்து பொருளற்றது என்றும் படிக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத ஆய்வு என்பதால் இரண்டில் எது சரி என்று அதிலிருந்தே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு புரதத்தின் அளவைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானித்துப் பார்த்த துணிவு இந்தத் துறையில் அரிது.

ஹெர்-2 கதை இதைவிடக் கசப்பானது. 1999இல் நியூயார்க்கில் 47 பயாப்சிகளை ஆராய்ந்தவர்கள் அவற்றில் நூற்றுக்கு 43 வீதம் ஹெர்-2 மிகுந்திருப்பதாகவும், அப்படிப்பட்டவர்களின் கதி மோசம் என்றும் எழுதினார்கள். மார்பகப் புற்றுநோயில் அதற்கான மருந்து அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்ததால் பரபரப்பு கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு குழுக்கள் தேடியபோது சிலருக்கு ஹெர்-2 கிடைக்கவே இல்லை. சிலருக்குக் கிடைத்தும் கதியோடு தொடர்பில்லை. அது இருந்தவர்களே நன்றாக வாழ்ந்தார்கள் என்றுகூட ஒரு குழு சொன்னது. வேறுபாட்டுக்குக் காரணம் இருந்தது. மார்பகப் புற்றில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகி, புரதம் சவ்வை முழுக்க நிறைத்திருக்கும். ஆஸ்டியோசார்கோமாவில் அந்தப் பெருக்கம் பொதுவாக இல்லை. கறை மங்கலாக, பல நேரம் உயிரணுவின் உட்பகுதியில் மட்டும் தெரிகிறது. அதை உண்டு என்று எண்ணுவதா இல்லை என்று எண்ணுவதா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. பரவல் உள்ள நோயாளிகளுக்கு டிராஸ்டுசுமாப் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. ஹெர்-2 உள்ளதாகக் கருதப்பட்டு மருந்து பெற்றவர்களுக்கும், இல்லாததாகக் கருதப்பட்டுப் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எஸ்ரின் என்ற புரதத்தின் கதை இவற்றிலிருந்து மாறுபட்டது. கறையைப் பார்த்துக் காரணத்தை ஊகிப்பதற்குப் பதிலாக, காரணத்திலிருந்து தொடங்கியது அது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சந்த் கன்னா என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இரண்டு வகை எலி ஆஸ்டியோசார்கோமா உயிரணுக்களை வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஒன்று நுரையீரலுக்கு வேகமாகப் பரவும், மற்றொன்று அரிதாகவே பரவும். எந்த மரபணுக்கள் இவற்றில் வேறுபடுகின்றன என்று தேடியபோது எஸ்ரின் முன்வந்தது. உயிரணுச் சவ்வை அதன் உள்ளே இருக்கும் ஆக்டின் இழைகளோடு பிணைக்கும் புரதம் அது. பந்தல் துணியை மூங்கில் சட்டத்தோடு இழுத்துக் கட்டும் கயிற்றின் வேலை. உயிரணு வடிவம் மாறவும் நகரவும் வெளியிலிருந்து வரும் சைகைகளை உள்ளே கடத்தவும் இந்தப் பிணைப்பு வேண்டும்.

2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் எஸ்ரினை அடக்கிய உயிரணுக்கள் நுரையீரலை அடைந்தன. அடைந்த பிறகு பிழைக்கவில்லை. இதுதான் அந்த ஆய்வின் மணியான பகுதி. ரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்குவது கட்டி உயிரணுவுக்கு எளிது. அந்நியமான அந்த இடத்தில் முதல் சில நாட்களைத் தாண்டுவதே கடினம். எஸ்ரின் மிகுந்த உயிரணுக்கள் அந்த நாட்களைத் தாண்டுகின்றன. உயிர்பிழைக்கச் சொல்லும் உட்சைகைகளை அது தூண்டிவைக்கிறது. புற்று எந்த உறுப்பில் வளரும் என்பதை அந்த உறுப்பின் சூழலும் தீர்மானிக்கிறது என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் 1889இலேயே வாதிட்டிருந்தார். முதல் பத்தியில் வந்த எலும்பு நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பேஜட்டின் மகன் இவர்.

அதே கட்டுரை நாய்களையும் பார்த்தது. ராட்வைலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய உடல் நாய்களுக்கு ஆஸ்டியோசார்கோமா மனிதரைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது, நுண்ணோக்கியிலும் போக்கிலும் மனித நோயை அச்சாக ஒத்திருக்கிறது, பரவுவதும் நுரையீரலுக்குத்தான். எஸ்ரின் மிகுந்த கட்டி உடைய நாய்களுக்குப் பரவல் விரைவாக வந்தது. குழந்தைகளின் கட்டிகளிலும் அதே உறவு தெரிந்தது. எலி, நாய், மனிதர் என்று மூன்று இனங்களில் ஒரே விடை தந்த குறியீடு இந்த நோயில் வேறு இல்லை என்றே சொல்லலாம். பிறகு வந்த சிறு ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் எஸ்ரின் அதிகமானால் உயிர்வாழ்வு குறைகிறது என்றே கண்டார்கள்.

பிறகு ஏன் இது மருத்துவமனைப் பரிசோதனையாகவில்லை? எஸ்ரின் நிலையாக இருப்பதில்லை. அதன் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் ஏறினால்தான் அது விரிந்து வேலை செய்யும். இல்லாதபோது மடங்கிக் கிடக்கும். 2009இல் அதே குழுவினர் காட்டியபடி, நுரையீரலுக்கு வந்த தொடக்க நாட்களில் இந்தச் செயல்படும் வடிவம் தோன்றி, பிறகு மறைந்து, பெரிதாக வளர்ந்த கட்டியின் விளிம்பில் மீண்டும் தோன்றுகிறது. முழங்காலில் எடுத்த பயாப்சியில் மொத்த எஸ்ரினை அளப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத் தவறவிடுகிறது. எஸ்ரினைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகள் 2012இல் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டு எலிகளில் பரவலைக் குறைத்தன. நோயாளிகளுக்கான மருந்தாக அவை வளரவில்லை.

இல்லாமையே குறியீடாவதும் உண்டு. உயிரணுவைத் தற்கொலைக்குத் தூண்டும் ஃபாஸ் என்ற புரதம் பல முதற்கட்டிகளில் இருக்கிறது. நுரையீரலின் உயிரணுக்களோ இதோடு இணைந்து சாவைத் தொடங்கிவைக்கும் துணைப் புரதத்தை இயல்பாகவே தாங்கியிருக்கின்றன. ஃபாஸ் உள்ள புற்று உயிரணு நுரையீரலுக்குப் போனால் அங்கேயே மடியும். ஃபாஸ் இல்லாதது தப்பும். டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் யூஜினி கிளைனர்மன் குழுவினர் நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளைப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் ஃபாஸ் இல்லை அல்லது மிகக் குறைவு. நுரையீரல் ஒரு சல்லடைபோல் வடித்த பிறகு எஞ்சியவை அவை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப் புரதம் மிகுந்த கட்டிகள் நுரையீரலுக்கு அதிகம் பரவுவதாக ஜப்பானியர்கள் 2000இல் எழுதினார்கள். அதில் இருந்த நோயாளிகள் முப்பதுக்கும் குறைவு. நுரையீரல் சுரக்கும் ஈர்ப்புப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகும் சி.எக்ஸ்.சி.ஆர்-4, திசுவை அரித்து வழி உண்டாக்கும் எம்.எம்.பி-9, பெருகும் உயிரணுவைக் காட்டும் கி-67 ஆகியவற்றுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் கட்டுரைகள் உள்ளன. பி53 புரதத்தின் மரபணு இந்த நோயில் மிகப் பெரும்பாலான கட்டிகளில் பழுதாகியிருக்கிறது. எல்லோரிடமும் இருப்பது எவரையும் பிரித்துக்காட்டாது.

எதிர்பார்ப்புக்கு மாறான ஒன்றை நெதர்லாந்தின் லைடன் குழு 2011இல் சொன்னது. பல புற்றுநோய்களில் கட்டிக்குள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் மிகுந்தால் கதி மோசம். ஆஸ்டியோசார்கோமாவில் அவற்றின் புரதக் குறிகள் மிகுந்திருந்தவர்களுக்குப் பரவல் குறைவு. விழுங்கணுக்களைத் தூண்டும் மருந்துதான் முன்பு சொன்ன மிஃபாமுர்டைடு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதைச் சேர்த்தவர்களின் ஆறாண்டு உயிர்வாழ்வு 70 சதவீதத்திலிருந்து 78 ஆக உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அனுமதி தந்தது; அமெரிக்கா தரவில்லை. அந்த மருந்து யாருக்கு வேண்டும் என்று சொல்லும் குறியீட்டை இந்தத் திசையில் தேடுவது நியாயமான முயற்சி.

இத்தனை புரதங்கள் வந்தும் எதுவும் நிலைக்காததற்குக் காரணம் ஓரளவு நோயிலேயே இருக்கிறது. ஈவிங் சார்கோமா என்ற இன்னொரு எலும்புப் புற்றில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் ஒரே விபத்துதான் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் காணப்படுகிறது. ஆஸ்டியோசார்கோமாவில் குரோமோசோம்கள் நொறுங்கி, ஆளுக்கொரு விதமாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரே கட்டியின் இரண்டு மூலைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஊசி ஒரு மூலையைத்தான் தொடுகிறது.

மீதிக் காரணம் ஆய்வகத்தில் இருக்கிறது. எலும்புக் கட்டி கல்போல் கடினமானது. சீவுவதற்கு முன் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். கடும் அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் தேடும் புரதமே சிதைந்துவிடும். இ.டி.டி.ஏ என்ற மென்மையான கரைசல் புரதத்தைக் காக்கும், ஆனால் நாட்கணக்கில் நேரம் எடுக்கும். ஓர் ஆய்வகத்தில் இல்லை என்று வந்த புரதம் மற்றொன்றில் உண்டு என்று வருவதற்கு இதுவே போதும். பத்து சதவீத உயிரணுக்கள் பழுப்பேறினால் உண்டு என்பார் ஒருவர், ஐம்பது சதவீதம் வேண்டும் என்பார் இன்னொருவர். முடிவைப் பார்த்த பிறகு கோட்டை எங்கே இழுப்பது என்று தீர்மானித்தால் எந்தப் புரதமும் குறியீடாகத் தோன்றும். நோய் அரிது என்பதால் ஒரு மருத்துவமனையில் ஐம்பது அறுபது பேர் சேரவே பல ஆண்டு ஆகிறது. தொடர்பு கிடைத்த சிறு ஆய்வுகள் அச்சேறுகின்றன, கிடைக்காதவை மேசை இழுப்பறையில் தங்கிவிடுகின்றன. இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2005இல் ரிமார்க் என்ற வழிகாட்டு விதிகள் வெளியிடப்பட்டன: மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, கோடு எங்கே, ஏன், பழைய அளவுகோல்களோடு சேர்த்துக் கணித்த பின்னும் புதியது ஏதேனும் கூட்டுகிறதா என்று எழுதியாக வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் தரும் கட்டுரைகள் இன்னும் குறைவு.

ஒவ்வொரு புரதமாகத் தேடுவதை விட்டு ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் ஒப்பிடும் முறையும் வந்துவிட்டது. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையம் இந்த வழியில் கீமோதெரபிக்கு அடங்கிய கட்டிகளையும் அடங்காதவற்றையும் ஒப்பிட்டு, பெராக்ஸிரெடாக்ஸின்-2 என்ற புரதம் அடங்காதவற்றில் மிகுந்திருப்பதை 2010இல் காட்டியது. உயிரணுவை ஆக்ஸிஜன் நச்சுகளிலிருந்து காக்கும் புரதம் அது. கீமோதெரபி மருந்துகள் பல அந்த நச்சுகளின் வழியாகவும் கொல்லுகின்றன என்பதால் விடை பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் பார்த்த கட்டிகள் மிகச் சில. இதற்கிடையே புரதங்களை முந்திக்கொண்டு டி.என்.ஏ வருகிறது: கட்டியிலிருந்து ரத்தத்தில் உதிரும் டி.என்.ஏ துணுக்குகள் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டவர்களின் கதி மோசமாக இருந்ததாக 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பயாப்சி ஊசிக்கு அகப்படாத மூலைகளின் செய்தியும் அதில் கலந்து வரும், கால்சியம் கரைக்கும் தொல்லையும் இல்லை.

நோயாளியின் கையில் வரும் பயாப்சி அறிக்கையிலும் சில புரதங்களின் பெயர்கள் இருக்கும். அவற்றை இந்தக் குறியீடுகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எஸ்.ஏ.டி.பி-2 என்பது கட்டி எலும்பை உருவாக்கும் இனத்தைச் சேர்ந்தது என்பதற்கான சான்று, எம்.டி.எம்-2, சி.டி.கே-4 ஆகியவை மெதுவாக வளரும் அரிய வகை ஆஸ்டியோசார்கோமாவை அடையாளம் காண உதவுபவை. நோய் எது என்று சொல்லத்தான் அவை. எப்படிப் போகும் என்று சொல்ல அல்ல. அதை அறிய விரும்பும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இன்றைக்கும் பழைய கேள்விகளே: நெஞ்சு சி.டி. ஸ்கேனில் என்ன தெரிந்தது, ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் பிள்ளையின் வயதுக்கு அதிகமா, வெட்டியெடுத்த கட்டியின் ஓரங்களில் புற்று எஞ்சவில்லையா, கீமோதெரபியில் எத்தனை சதவீதம் செத்திருக்கிறது.